பெயர் இல்லாத அளவுச் சீட்டு

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு இலோனா தையற்கூடத்தின் விளக்கைப் போட்டபோது, வெட்டு மேசையின் மேல் ஒரு பழுப்பு உறை கிடந்தது.

அவளுக்கு உறைகள் பிடிப்பதில்லை. அதுவும் இந்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அவள் கணவர் ராய்ஸ் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். கிளீவ்லாந்தில் ஒரு வங்கியின் வானொலி விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமையில் எந்த வங்கிக்காரன் விளம்பரம் பதிவு செய்கிறான் என்று அவள் கேட்கவில்லை. அவர் இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தார். சாப்பாட்டைத் தொடாமல் படுத்துவிட்டார். அன்றிலிருந்து இலோனாவின் மனத்தில் ஒரு முள் இருந்தது. பிடுங்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

உறையைப் பிரித்தாள். உள்ளே ஓர் அளவுச் சீட்டு.

டொலீடோ நகரத்தின் அந்த நாடக அரங்கில் எந்த நடிகர் வருவதாக இருந்தாலும் முதல் வேலை அளவெடுப்பதுதான். தலைச் சுற்றளவில் தொடங்கிக் கணுக்கால் வரை ஐம்பத்திரண்டு கட்டங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, சில சமயம் நடிகனே முடிவு செய்யும் முன்பே, சீட்டு தையற்கூடத்துக்கு வந்துவிடும். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது வெட்டு மேசைக்குத்தான் முதலில் தெரியும்.

இந்தச் சீட்டில் ‘நடிகர் பெயர்’ என்ற இடம் காலியாக இருந்தது. ‘வேடம்’ என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: கேப்டன்.

கூடவே ஒரு குறிப்பு. ‘வரும் செவ்வாய்க்கிழமை சுவரொட்டிக்குப் படம் எடுக்கிறார்கள். கேப்டனின் கோட்டை இந்த அளவுக்கு இன்று நாலு மணிக்குள் வெட்டிவிடவும். பெயர் பிறகு வரும். — யூடித்.’

யூடித் அந்த நாடகக் குழுவின் நிர்வாகி. இலோனாவின் மகள்.

இலோனா சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கேப்டன் வேடம் ராய்ஸுடையது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, இருபத்திரண்டு டிசம்பர்கள். வருஷா வருஷம் போடும் அந்த நாடகத்தில், பனிப்புயலில் ஏரியிலிருந்து மீண்டு வரும் கிழக் கப்பல் கேப்டனைப் பார்க்கத்தான் ஊரே கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் வாங்கும். கடைசிக் காட்சியில் அவர் கலங்கரை விளக்கக்காரரின் சின்ன மகளை ஒரே வீச்சில் தூக்கி வலது தோளில் உட்கார வைப்பார், குழந்தை விளக்கேற்றும், திரை விழும். அந்தத் தோளில் உட்கார்ந்த முதல் குழந்தைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது.

பழைய கோட்டின் முழங்கையில் நாலு ஒட்டு. இந்த வருஷம் புதுசு தைத்துத் தருவதாக இலோனா சொல்லியிருந்தாள். அந்தக் கருநீலக் கம்பளித் துணியை நெய்த ஆலை மூடி ஒன்பது வருஷமாகிறது. அலமாரியில் மீதி இருந்தது ஒரே ஒரு கோட்டுக்கான துணி. ஒருவனுக்கு வெட்டினால் இன்னொருவனுக்கு இல்லை.

“என்ன தாயே, பேயடிச்ச மாதிரி நிக்கிற?” என்று கேட்டபடி டார்லீன் உள்ளே வந்தாள். இலோனாவின் உதவியாளர்; பதினெட்டு வருஷப் பழக்கம். “யாரு புது மாப்பிள்ளை?”

“பேர் இல்ல.”

“பேர் இல்லாதவனுக்குக் கோட்டா? நல்லா இருக்கே கதை.”

இலோனா சீட்டை விளக்கருகே பிடித்தாள். எண்களைப் படிக்கத் தொடங்கினாள்.

மார்பு நாற்பத்திரண்டு. இடுப்பு முப்பத்தாறு. கை நீளம் முப்பத்து மூன்றரை. கழுத்து பதினைந்தரை. மற்றவர்களுக்கு அது வெறும் எண். அவளுக்கு, ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் மேசைக்கு எதிரே ஓர் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றான். நீண்ட கை. ஒடுங்கிய மணிக்கட்டு. நடுத்தர உயரம். முப்பது வயதைத் தாண்டி வயிறு லேசாக எட்டிப் பார்க்கிறது.

இடது தோள், வலதைவிட அரை அங்குலம் கீழே.

அவள் விரல் அந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டது.

இந்தக் கட்டடத்தின் பின்புறம் காட்சி அமைப்புகள் செய்யும் பட்டறையில், பதினொரு வயதுப் பையன் ஒருவன் ஏணியிலிருந்து விழுந்தான். தோள் எலும்பு முறிந்தது. கூடியபோது அரை அங்குலம் இறங்கிக் கூடியது. அதற்குப் பிறகு அவனுக்குத் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் இடது தோளுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை வைத்துத் தைத்தவள் அவள்.

எம்மெட். அவள் மகன்.

சீட்டை வெட்டு மேசைக்கு எதிரே இருந்த பலகையில் வைத்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்தினாள். டார்லீனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

*

ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கட்டடத்தின் ஒத்திகைக் கூடத்தில், பதினாலு பேர் பார்த்திருக்க ராய்ஸ் தன் மகனிடம் சொன்னார்: “உனக்கு இது வராது. வேற வேலை பார்த்துக்க.”

அன்று மாலையே எம்மெட் பெட்டியைக் கட்டினான். ஆனால் வேறு வேலை பார்க்கவில்லை. இண்டியானாபொலிஸில் ஆறு வாரம், லூயிவில்லில் எட்டு வாரம், கன்சாஸ் சிட்டியில் ஒரு குளிர்காலம் என்று, ஊர் ஊராக, ஒரு நாடகம் முடிந்தால் அடுத்த நாடகம், வாடகை அறை, கடன் வாங்கிய கட்டில் என்று அப்பாவின் தொழிலையே செய்துகொண்டிருந்தான். பிறந்த நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிடுவான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டான். இந்த இலையுதிர் காலம் மறுபடி இண்டியானாபொலிஸில் இருந்தான்.

அப்படிப்பட்டவன் இப்போது வருகிறான். பெயரை மறைத்துக்கொண்டு, அப்பாவின் கோட்டுக்குள்.

போன வருஷம் தலைமைப் பொறுப்புக்கு வந்த இயக்குநர் விட்லாக்குக்கு நாற்பது வயது. வந்த நாளிலிருந்து ‘புது ரத்தம்’ என்ற பேச்சுத்தான். அவர் திட்டம் போட்டிருப்பார். யூடித் காரியத்தை முடித்திருப்பாள். பழைய கணக்கைத் தீர்க்க எம்மெட் ஒப்புக்கொண்டிருப்பான். மூன்று பேரும் சேர்ந்து அறுபத்துமூன்று வயது மனிதரை, சுவரொட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டிருக்கிறார்கள். அதற்கு அவள் கத்திரி வேறு வேண்டும்.

இலோனா மாடிப்படி ஏறினாள்.

யூடித் அலுவலக அறையில் வெளியூர் நடிகர்கள் தங்கும் வீடுகளின் சாவிகளைக் கொத்துக் கொத்தாக மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள். அதுவே இலோனாவுக்குப் பிடிக்கவில்லை.

“யாரு இது?”

“ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகலம்மா. ஆகுறவரைக்கும் பேர் சொல்லக் கூடாது. உனக்குத் தெரியாததா?”

“அது உங்கப்பா வேஷம்.”

“தெரியும்.”

“அவருக்குத் தெரியுமா?”

யூடித் சாவிக்கொத்தைக் கீழே வைத்தாள். மேசையின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்தாள். “நீ சொல்லேன். இத்தனை வருஷமா துணி வெட்டுற. அளவைப் பார்த்ததும் ஆள் யாருன்னு ஒண்ணும் தோணலையா?”

அவள் கண்ணில் ஓர் ஆவல் இருந்தது. தூண்டில் போட்டவனின் ஆவல் என்று இலோனா நினைத்தாள். சொல்லிவிட்டால், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று அடுத்த நிமிஷம் விட்லாக்கின் காதுக்குப் போகும். தெரியாதவள்போல் இருப்பதுதான் இப்போது கையிலிருக்கும் ஒரே ஆயுதம்.

“தோணல” என்றாள். “எவனோ ஒருத்தன். நடுத்தர உடம்பு.”

யூடித்தின் முகம் சட்டென்று விழுந்தது.

“நல்லாப் பாத்தியா?”

“பார்த்தேன்.”

“நாலு மணி வரைக்கும் இருக்கு. இன்னொரு தடவை பாரேன்.”

“எத்தனை தடவை பார்த்தாலும் எண்ணு மாறுமா?” என்று சொல்லிவிட்டு இறங்கினாள் இலோனா. பாதிப் படியில் நின்றாள். ரகசியம் காப்பாற்றப்பட்டது என்றால் திருடனுக்கு நிம்மதியல்லவா வர வேண்டும்? இவள் முகத்தில் ஏன் துக்கம் வந்தது?

*

பன்னிரண்டே முக்காலுக்கு ராய்ஸ் தையற்கூடத்துக்கு வந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான காட்சி முடிந்திருந்தது. ஒன்றரைக்கு இரண்டாவது காட்சி. சட்டைக் காலரில் முகப்பூச்சின் கறை. நாடகத்தில் அவர் அரைச் செவிட்டு மருத்துவர்.

“நானூறு பிள்ளைங்க, இலோனா. நானூறும் ஒரே நேரத்துல இருமுது. வியாதிக்காரங்க கீழ உக்காந்திருக்காங்க, டாக்டர் மேல நடிச்சிட்டிருக்கேன்.”

டார்லீன் சிரித்தாள். இலோனா சிரிக்கவில்லை.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு தபால்காரர் வேடத்துக்காக ஆறு வார ஒப்பந்தத்தில் இந்த ஊருக்கு வந்தவர் அவர். அதற்கு முன் பதினொரு வருஷம் நியூயார்க்கில் வாய்ப்புக்கு வரிசையில் நின்றார். முந்நூறு பேர் நிற்கும் வரிசையில் முந்நூறாவது ஆளாக நின்றதாக அவரே சொல்வார். இங்கே தபால்காரர் நீதிபதியானார், நீதிபதி கொலைகாரரானார், ஒரு கோடைக்காலம் முழுக்கக் குழந்தைகள் நாடகத்தில் பேசும் நாயாகவும் இருந்தார். ஆறு வாரம் முடியவே இல்லை. நாட்டின் வேறெந்த மூலையிலும் அவரை யாருக்கும் தெரியாது. டொலீடோவின் மளிகைக் கடையில் மட்டும் ‘கேப்டன், நீங்க முன்னாடி போங்க’ என்று வரிசையில் வழிவிடுவார்கள். அவர் சேர்த்த சொத்து அவ்வளவுதான். அதைத்தான் இப்போது எடுக்கப் போகிறார்கள்.

இலோனா, பப்ரிகா மிளகாய்த்தூள் போட்ட கோழிக் குழம்பைச் சுடவைத்து அவர் முன் வைத்தாள். அவர் மேல் தட்டிலிருந்த காப்பி டப்பாவை எடுக்க எழுந்தார். நுனிக்காலில் நின்று இடது கையால் எட்டி எடுத்தார்.

“கிளீவ்லாந்து விளம்பரம் எப்போ ரேடியோவில வருதாம்?”

“அடுத்த மாசம்னு சொன்னாங்க.”

“எந்த வங்கி?”

“எந்த வங்கியா இருந்தா என்ன? எல்லாம் ஒரே வசனம்தான். ‘உங்கள் கனவு எங்கள் பொறுப்பு.’”

குரல் நன்றாகத்தான் இருந்தது. அவர் குரலை இலோனா என்றைக்கும் நம்பியதில்லை. அவள் பார்த்தது கைகளை. ராய்ஸ் பேசினால் கைகளும் பேசும். உப்புக் கேட்டாலும் கை காற்றில் ஒரு வளையம் போடும். பொய் சொல்லும்போது மட்டும் அவை செத்துப்போகும். கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவள் கண்டுபிடித்த விஷயம். அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

தட்டின் இரு பக்கமும் இரண்டு கைகளும் அசையாமல் கிடந்தன.

“துணியை இன்னிக்கு வெட்டுறியாமே?” என்றார் அவர்.

“யார் சொன்னா?”

“யூடித்.”

“யாருக்கு வெட்டுறேன்னும் சொன்னாளா?”

மேடையில் எதிராளி வசனத்தை மறந்துவிட்டால் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி ஒரு பார்வை பார்த்தார் ராய்ஸ். “அதை நீதான் சொல்லணும்.”

இவரும் ஆழம் பார்க்கிறாரா? பாவம், ஒன்றும் தெரியாமல் கேட்கிறாரா? அவளுக்குப் புரியவில்லை. “சாப்பிடு, ஆறிடும்” என்றாள்.

அவர் போனதும் டார்லீன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “உன் வீட்டுக்காரர் இப்போ மகாராஜா ஆயிட்டார், தெரியுமா?”

“ஏன்?”

“காட்சிக்கு நடுவுல உடை மாத்துறதுக்கு நான்தானே போறேன்? முன்னெல்லாம் நாலு விநாடியில தானே கோட்டை மாத்திப்பார். இப்போ கையைக் கீழ தொங்கப் போட்டுட்டு நிக்கிறார். நான் கீழேர்ந்து ஏத்தி மாட்டிவிடணும். ‘வயசான நடிகனுக்கு இந்த மரியாதைகூட இல்லையா டார்லீன்’ங்கிறார்.”

“எத்தனை நாளா?”

“இந்த நாடகம் ஆரம்பிச்சதுலேர்ந்து. ஏன், வீட்ல நீ மாட்டிவிடுறதில்லையா?”

வீட்டில் அவர் இந்த இலையுதிர் காலம் முழுக்கப் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டையைத்தான் போடுகிறார். தலை வழியாக மாட்டும் சட்டைகள் அலமாரியிலேயே கிடக்கின்றன. அதை அவள் பார்த்திருந்தாள். பார்த்தும் யோசிக்கவில்லை.

*

துணியை மேசையில் விரித்து, சீட்டைப் பார்த்துச் சாக்கட்டியால் கோடு போடத் தொடங்கினாள். கோடு போட்டால் துடைத்துவிடலாம். கத்திரி வைத்தால்தான் திரும்ப முடியாது.

முதுகுக்கான கோடுகளைப் போட்டு முடித்ததும் ஏதோ உறுத்தியது. குட்டையாகத் தெரிந்தது.

இரும்பு அலமாரியில் பழைய சீட்டுகள் எல்லாம் இருந்தன. செத்துப்போன நடிகர்களின் அளவுகளைக்கூட அவள் தூக்கிப் போட்டதில்லை. டார்லீன் நூல் வாங்கப் போன நேரத்தில், எம்மெட்டின் ஆறு வருஷத்துக்கு முந்தைய சீட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

மார்பு ஓர் அங்குலம் கூடியிருக்கிறது. இடுப்பு இரண்டு. கை அதே. தோள் அதே அரை அங்குலம். பிடரியிலிருந்து இடுப்பு வரை முதுகின் நீளம்: அன்று பதினெட்டேகால். இன்று பதினேழரை.

முப்பத்திரண்டு வயதில் யாருக்கும் முதுகு முக்கால் அங்குலம் குறையாது.

அப்படியானால் அளந்தவன் தப்பாக அளந்திருக்கிறான். தலை குனிந்தால் பிடரியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து டேப்பைப் பிடிக்க வேண்டும். இவன் அதை விட்டு, அதற்கு அடுத்த எலும்பிலிருந்து பிடித்திருக்கிறான். தையல் தெரிந்தவர்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்வதில்லை. உலகத்திலேயே ஓர் ஆள்தான் அதைத் தவறாமல் செய்வார்.

கல்யாணமான புதிதில் அவளும் ராய்ஸும் ஓர் ஊர்சுற்றி நாடகக் குழுவில் இருந்தார்கள். அவள் எழுதிக்கொள்ள, அவர் டேப் பிடிப்பார். அவர் அளந்த முதல் கோட்டைப் போட்டவனுக்குப் பின்பக்கம் மேலே தூக்கிக்கொண்டு வாத்து வால்போல நின்றது. குழு முழுக்கச் சிரித்தது. நூறு தடவை அவர் விரலைப் பிடித்துச் சரியான எலும்பில் வைத்துக் காட்டியிருப்பாள். நூற்றோராவது தடவையும் அவர் விரல் ஒரு படி இறங்கித்தான் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை இழுப்பறையில் அவளுடைய டேப்பைக் காணவில்லை. திரைச்சீலைக்கு அளவெடுக்கத் தேடினாள். திங்கள்கிழமை அது அங்கேயே இருந்தது, நத்தைபோல இறுக்கிச் சுருட்டி. அவள் டேப்பைச் சுருட்டுவதில்லை; கொக்கியில் தொங்கவிடுவாள்.

இலோனா முக்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து மூன்று பேரைச் சந்தேகப்பட்டிருந்தாள். யாருக்காகச் சந்தேகப்பட்டாளோ, அந்த ஆளைச் சந்தேகப்படவில்லை.

*

மூன்று இருபதுக்கு, இரண்டாவது காட்சி முடிந்ததும், ராய்ஸ் வந்தார். ‘உடனே வா’ என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“சட்டையைக் கழற்று. உன்னை அளக்கணும்.”

“என்னையா? என் சீட்டுத்தான் உன்கிட்ட இருக்கே.”

“கோட்டு உனக்குத்தானே? கையைத் தூக்கு.”

இடது கையைத் தூக்கினார்.

“ரெண்டும்.”

வலது கை மார்பு உயரம் வரை வந்தது. அங்கே நின்றது. அவர் முகத்தில் ஒரு நரம்பு துடித்தது. இன்னும் ஓர் அங்குலம் ஏற்றப் பார்த்து, விட்டுவிட்டார்.

அவள் டேப்பைக் கீழே வைத்தாள்.

“எப்போலேர்ந்து?”

“போன டிசம்பர். கடைசிக் காட்சி.” அவர் குரலில் நடிப்பு இல்லை. “அந்தக் குழந்தையைத் தூக்கினேனா, தோள் பாதியில விட்டுடுச்சு. நழுவிட்டா. இடுப்புல முட்டுக்கொடுத்துப் பிடிச்சேன். ஜனங்க அது நாடகத்துல இருக்குன்னு நினைச்சுக் கை தட்டினாங்க. நான் உள்ள போய் வாந்தி எடுத்தேன், இலோனா. டாக்டர் சொல்லிட்டார், இது இனிமே ஏறாதுன்னு.”

“என்கிட்ட சொல்லல.”

“சொன்னா, கேப்டனை விட்டுடுன்னு சொல்லுவ. அதைக் கேக்குற தைரியம் எனக்கு அப்போ இல்ல.”

“அதுக்குப் பதிலா இண்டியானாபொலிஸ் போய் எம்மெட்டை அளந்துட்டு வந்தியாக்கும்?”

ராய்ஸ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். “என்ன பேர் சொன்ன?”

“எம்மெட். காலையில ஒன்பது பத்துக்கே தெரியும்.”

“ஒன்பது பத்துக்கா! பின்ன யூடித்கிட்ட எவனோ ஒருத்தன்னு சொன்னியாமே! அவ எனக்கு போன் பண்ணி அழறா!”

“உங்க யார் மேலயும் நம்பிக்கை இல்லாததால சொன்னேன். எதுக்கு அழணும்?”

அவர் சொன்னார். விட்லாக்கிடம் தானே போய் எம்மெட்டைக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அங்கே அரங்க வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தது. மகன் ‘வருகிறேன்’ என்றும் சொல்லவில்லை, ‘மாட்டேன்’ என்றும் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டுக் கையை விரித்து நின்றான். அளந்து முடித்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். ‘பேர் எழுதாதே. யாரும் சொல்லவும் கூடாது. அம்மா அந்த எண்ணைப் பார்த்து நான்தான்னு கண்டுபிடிச்சா வர்றேன். அந்த வீட்டுல ஒருத்தராவது என்னை மறக்கலைன்னு அர்த்தம். இல்லைன்னா, கன்சாஸ் சிட்டியில நடிக்கக் கூப்பிட்டிருக்காங்க, புதன்கிழமை நாலு மணிக்கு அவங்களுக்குச் சரின்னு சொல்லிடுவேன்.’

“யூடித் இன்னும் அவன்கிட்ட சொல்லல. ‘நாலு மணி வரைக்கும் பார்ப்போம்பா, அம்மாவுக்குத் தெரியாம இருக்காது’ன்னா.”

கடிகாரத்தில் மூன்று முப்பத்தெட்டு. காலையில் ஆயுதம் என்று நினைத்துச் சொன்ன பொய், அவள் கழுத்தைத்தான் அறுக்க இருந்தது.

அவள் தொலைபேசியை எடுத்தாள். மூன்றாவது மணியில் எம்மெட்டின் குரல் வந்தது.

“உங்கப்பா இன்னமும் தப்பான எலும்புலேர்ந்துதான் அளக்குறார்” என்றாள். “அப்படியே வெட்டியிருந்தா உனக்கு வாத்து வால் வந்திருக்கும்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“எத்தனை மணிக்குத் தெரிஞ்சுது?”

“ஒன்பது பத்து.”

“அப்போ ஆறரை மணி நேரமா என்ன பண்ணிட்டிருந்த?”

“துப்பறிஞ்சிட்டிருந்தேன்.”

அவன் சிரித்தான். ஆறு வருஷமாக அவள் கேட்காத சிரிப்பு. “சரிம்மா. கன்சாஸ் சிட்டிக்காரங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடுறேன்.” குரலைத் தாழ்த்தினான். “தாளைத் திருப்பிப் பாத்தியா?”

“ஏன், பின்னால என்ன?”

“பாரு. பார்த்துட்டு நீயா கூப்பிடு.”

வைத்துவிட்டான்.

அளவுச் சீட்டு ஒருபக்கம் மட்டும் அச்சடித்தது. அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க நாலு குண்டூசிக்குள் பலகையில் இருந்ததை இலோனா ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கி எடுத்துத் திருப்பினாள்.

கையால் கட்டம் போட்டு, பென்சிலில் சின்னச் சின்ன எண்கள். எம்மெட்டின் கையெழுத்து. உயரம் நாற்பத்து நாலு. மார்பு இருபத்து மூன்று. கை பதினேழரை. முதுகின் நீளம் பத்து. மற்ற எண்களோடு கச்சிதமாகப் பொருந்தும் பத்து. சரியான எலும்பிலிருந்து பிடித்த பத்து. இந்த மேசைக்கு அடியில் விளையாடி வளர்ந்தவன் அளந்த அளவு.

எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்கு எதிரே எழுந்து நின்றன. இந்த முறை அவை மேசை விளிம்பைக்கூடத் தொடவில்லை. ஒரு குழந்தை; ஐந்து வயதிருக்கும். எம்மெட் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம்.

இதிலும் பெயர் இல்லை.

“ராய்ஸ், இது யாரு?”

அவர் கண்ணாடியைக்கூடப் போடாமல் தாளைப் பார்த்தார். “எனக்கென்ன தெரியும்? அவன் எழுதியிருக்கான். நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்ல. சத்தியமா.”

குரல் நன்றாகத்தான் இருந்தது.

அவர் கைகள் இரண்டும் முழங்காலின் மேல் இருந்தன. ஒரு விரல்கூட அசையவில்லை.

இலோனா மேசைக்குத் திரும்பினாள். கத்திரியை எடுக்கவில்லை, சாக்கட்டியை எடுத்தாள். பெரிய கோட்டின் முதுகுக் கோடுகளை முக்கால் அங்குலம் இறக்கினாள். பிறகு முன்பக்கத்துக்குப் போட்டிருந்த கோடுகளைத் துடைத்து, நாலு விரல் தள்ளி, நெருக்கமாக மறுபடி வரைந்தாள். துணியின் இடது மூலையில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. இருபத்து மூன்று அங்குல மார்பு அதற்குள் அடங்குமா என்று ஜாண் போட்டுப் பார்த்தாள்.

“தோளைத்தான் தூக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னார். வாயைத் திறக்கலாம்ல?” என்றாள், தலை நிமிராமல். “சொல்லு. அந்தக் குழந்தைக்குத் தலைமுடி என்ன நிறம்?”